அரைநாக்கு கல்மானின் போர்வை

எங்கள் வளைகுடாவில் கல்மானிடம் இருந்ததைப் போல ஒரு போர்வை வேறு யாரிடமும் கிடையாது. சடைசடையாக ஆட்டுமயிர் தொங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்து ஓடுமே தவிர உள்ளே இறங்காது. அதை அவன் மனதார வெறுத்தான். போர்வை மேல் ஒரு குற்றமும் இல்லை. அதோடு கூட வந்த பெயர்தான் அவன் வாழ்க்கையைத் தின்றது.

கல்மானின் அம்மா முயிரென் அயர்லாந்துக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவள். பின்னாளில் எங்கள் தலைவனான ஸ்கெக்கியின் அப்பா வீட்டில் மாடு கறந்தாள், தறியில் நின்று துணி நெய்தாள். அதே வீட்டில் அடிமையாக இருந்த கிலானோடு அவளையும் ஒருநாள் விடுதலை செய்து, ஆற்றோரம் பாதி சதுப்பும் பாதி கல்லுமாக ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்தார்கள். கல்மான் அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிறந்தவன். பிறக்கும்போதே சுதந்திர மனிதன். மற்றவர்களைப் போலவே புல் அறுத்தான், கடலுக்குப் போனான், பெண் பார்த்துக் கல்யாணம் செய்தான். வழக்குகளைத் தீர்க்கும் ஊர்ச் சபையில் உட்காரவும் பேசவும் எல்லா உரிமையும் அவனுக்கு இருந்தது.

வாயைத் திறக்காத வரைக்கும்தான் அதெல்லாம். அவன் பேச்சில் ஒரு சொல் பிசகாது. எல்லைக்கற்கள் எங்கே, எந்த மலைச்சரிவு யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போகலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து, மெல்ல இறங்கும். முயிரென் அவனைத் தூங்கவைத்த ராகம் அது. அவனுக்கு அது காதில்கூட விழாது.

மற்றவர்களுக்கு விழுந்தது. இத்தனைக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படிக் கப்பலில் வந்தவர்களின் வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் முன்கூட்டியே நாக்கைத் தட்டையாக்கிக்கொண்டு விட்டார்கள். தட்டையாகப் பேசினால் நார்வேப் பிரபுவின் பேரன். ராகம் போட்டுப் பேசினால் அடிமை பெற்ற பிள்ளை. எங்களுக்கு அரசன் கிடையாது, கோட்டை கிடையாது, எல்லோரும் ஒரே புல்மண் வீட்டில் ஒரே புகையைத்தான் குடிக்கிறோம். யார் மேல் யார் கீழ் என்று வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது? காதை வைத்து அளந்தார்கள்.

அந்தப் பெயர் ஒரு குளிர்கால விருந்தில் வந்தது. ஸ்கெக்கி அப்போது எங்கள் தலைவனாகியிருந்தான். அந்த இலையுதிர்காலத்தில், பெரிய மரமே வளராத எங்கள் கரையில், கடலில் மிதந்து வந்த பெரிய மரம் ஒன்று ஒதுங்கி, அது யாருடைய கரை என்று ஸ்கெக்கிக்கும் பக்கத்துக் குடியானவனுக்கும் தகராறு. விருந்திலேயே பேசி முடித்துவிடலாம் என்று கல்மானை எழுந்து எல்லையைச் சொல்லச் சொன்னார்கள். அவன் சொன்னான். பாறையின் பிளவிலிருந்து ஓடை விழும் இடம் வரை ஸ்கெக்கியுடையது, அதற்கு அப்பால் பக்கத்துக்காரனுடையது என்று, தந்தை பெயர் தாத்தா பெயரோடு நீளமாகச் சொன்னான். மரம் ஸ்கெக்கிக்குக் கிடைத்தது.

ஆனால் பெஞ்சுகளில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளும் என்ற அடுத்த வீட்டுக்காரன் கல்மானின் கடைசி வாக்கியத்தை அதே ராகத்தோடு தன் குடுவைக்குள் முனகிக் காட்டினான். ஸ்கெக்கிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவன் கெட்டவன் அல்ல, குடித்தால் தாராளமாகிவிடுகிறவன். எழுந்து வந்து தன் தோளிலிருந்த போர்வையைக் கழற்றிக் கல்மான் முன்னால் நீட்டினான்.

"நல்லாப் பேசுன கல்மானு. இது உனக்கு."

கல்மானுடைய போர்வை அந்த வருஷம் கிழிந்து, பழைய சாக்கு மாதிரி ஆகியிருந்தது. எல்லை சொன்னதற்குப் பரிசு என்றுதான் நினைத்தான். இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. துணி கையில் பட்டது. ஸ்கெக்கியின் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"பேரோட சேத்துத்தான் தர்றேன்" என்றான் ஸ்கெக்கி. "உன் வாயில பாதி நாக்கு நம்ம ஊருது, பாதி உங்கம்மா ஊருது. இன்னையிலேர்ந்து நீ அரைநாக்கு கல்மான்."

எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறவன் அதற்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். பரிசை வாங்கிக்கொண்டால் பெயர் முடிச்சுப் போட்டது மாதிரி. அப்புறம் யார் அப்படிக் கூப்பிட்டாலும் குற்றம் இல்லை. வாங்காதவனைக் கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவனை நாட்டை விட்டே துரத்தலாம். கல்மான் அந்த நொடியில் கையை விட்டிருந்தால் போர்வை தரையில் விழுந்திருக்கும், பெயரும் அதோடு விழுந்திருக்கும். விடவில்லை. குளிராக இருந்தது, சிரிப்புச் சத்தமாக இருந்தது, கையில் கதகதப்பாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும் அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

வீட்டில் அவன் மனைவி யோஃப்ரித் போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன தையல் பாரு. யாரு குடுத்தா?"

"ஸ்கெக்கி."

"சும்மாவா?"

அவன் அதை வாங்கி ஆணியில் மாட்டினான். மறுநாள் கிணற்றடியில் கிளும் மனைவி சொல்லி அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து வாளியை ணங்கென்று கீழே வைத்தாள்.

"ஏய்யா, அறிவு இருக்கா உனக்கு? எலும்பப் போட்டா நாய்கூட முதல்ல மோந்து பாக்கும்."

"எல்லை சொன்னதுக்குன்னு நெனச்சேன்."

"அவன் மரத்த அவனுக்கு வாங்கிக் குடுத்துட்டு, அவன் கையால அடியும் வாங்கிட்டு வந்திருக்க."

அவள் சொன்னது சரிதான். அடுத்த நாளே போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்கெக்கியின் வீட்டுக்குப் போனான். ஸ்கெக்கி முற்றத்தில் குதிரைக்குக் குளம்பு செதுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இத நீங்களே வச்சுக்கங்க. பேரையும் எடுத்துக்கங்க."

ஸ்கெக்கி நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே புரியாதவன் முகம்.

"குடுத்தத திருப்பி வாங்குற வீட்டுல நான் பொறக்கல. எல்லார் முன்னாடியும் குடுத்தேன், எல்லார் முன்னாடியும் வாங்குன. இப்பத் திருப்பிக் குடுத்தா அது என்னைய அவமானப்படுத்துறது. அப்பிடியா சொல்ற?"

"அப்பிடிச் சொல்லலைங்க."

"அப்பப் போர்த்திக்கிட்டுப் போ, பனி கொட்டுது. அன்பா வச்ச பேருப்பா. எங்கப்பாவுக்கு மூக்கொழுகின்னு பேரு. அவரு அழுதாரா?"

மூக்கொழுகி என்பது மூக்கோடு போகிறது. அரைநாக்கு என்பது அம்மா எங்கிருந்து வந்தாள், எதற்காக வந்தாள், யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இதை ஸ்கெக்கிக்கு எப்படி விளக்குவது? விளக்கப் போனால் ராகம் வரும். கல்மான் போர்வையைப் போர்த்திக்கொண்டு திரும்பினான்.

வசந்தகாலச் சபையில் அந்தப் பெயரை எதிர்த்து வழக்குப் போடுவது என்று முடிவு செய்தான். வழக்கில் பேச வேண்டிய வாசகங்களை ஒரு எழுத்து மாறாமல் கற்றுக்கொண்டான். ஆட்டுக்கொட்டகையில் நின்று ஆடுகளிடம் சொல்லிப் பார்த்தான். குரல் கடைசியில் மேலே ஏறப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக் கீழே அழுத்தினான். நிதானமாகச் சொன்னால் அழுந்தியது. கோபம் வந்தால் அழுந்தவில்லை.

சபைக்குப் போன அன்று மழை. வேறு என்ன செய்வான், இருந்தது ஒரே போர்வை. அதையே போர்த்திக்கொண்டு போய் நின்றான்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றிருந்தால் மட்டும் இவர்கள் இரக்கப்பட்டிருப்பார்களா என்ன?

வாசகங்களை அவன் பிசகில்லாமல் சொன்னான். ஒருவரும் ஒரு குறை காட்டவில்லை. தீர்ப்புக்கு முன்னால் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்பது முறை. கிளும்தான் அவர்களுக்காகப் பேசினான்.

"போர்வைய வாங்கினானா?" என்று தீர்ப்புச் சொல்பவர் கேட்டார்.

"வாங்கினான். ரெண்டு கையாலயும்."

"இப்ப எங்க இருக்கு அது?"

கிளும் திரும்பிக் கல்மானைப் பார்த்தான், அவ்வளவுதான். சபை கூடிய மலைச்சரிவு முழுக்க உட்கார்ந்திருந்த கூட்டமும் பார்த்தது. முதலில் ஒருத்தன் செருமினான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கல்மானுக்குக் கோபம் தலைக்கேறியது.

"குளிருக்குப் போத்திருக்கேன். இது எனக்குப் பேரு இல்ல."

அது ராகத்தோடு வந்தது. மேலே ஏறி, வளைந்து, மெல்ல இறங்கியது. அப்புறம் தீர்ப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். படகில் இருந்தால் கையைக் காட்டுவான். சந்தையில் விரலைக் காட்டுவான். எல்லைத் தகராறு வந்தால் யோஃப்ரித்தை அனுப்பி, "அவருக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லச் சொன்னான். போர்வையை ஒரு குளிர்காலம் முழுக்கக் கூரைமேல் பனியில் போட்டுவைத்தான், மக்கிப் போகட்டும் என்று. பனி உருகியதும் முன்பைவிட மென்மையாக இறங்கி வந்தது. அந்துப்பூச்சிகூட அதைத் தொடவில்லை.

ஒன்று மட்டும் அவனுக்கு ஆறுதல். மகள் ஹல்பேரா ஸ்கெக்கியின் பால்பண்ணையில் கோடைதோறும் வேலை செய்து வளர்ந்ததால், அவள் பேச்சு ஓடைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. முயிரெனின் ராகம் அவளிடம் ஒரு சொட்டு இல்லை. அதைக் கேட்கும்போது அவனுக்கு நிம்மதியாக இருக்கும். பிறகு, ஏன் என்று யோசிக்காமல் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஹல்பேராவைப் பெண் கேட்டு வந்தான் பெர்சி. அவன் அப்பா ஓட்லெய்ஃப் அடுத்த வளைகுடாவில் நல்ல குடியானவன். யோஃப்ரித்துக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் கல்மானுக்கு வேறு ஒரு கவலை. நிச்சயத்தன்று சாட்சிகள் முன்னால் இன்னார் மகள் இன்னாருக்கு என்று சொல்லிக் கைபிடிக்க வேண்டும். சாட்சிகள் கேட்டதைத்தான் ஊரெல்லாம் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் பரம்பரை சொல்லும்போதும் அதுதான் வரும். எங்கள் ஆட்கள் ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர்கள். அந்த வரிசையில் அரைநாக்கு என்று ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் அதை இறக்க யாராலும் முடியாது. அவன் செத்த பிறகும் முயிரெனை ஒவ்வொரு விருந்திலும் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டே இருப்பார்கள்.

ஓட்லெய்ஃபைத் தனியாகப் படகுத்துறைக்கு அழைத்துப் போனான்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். நிச்சயத்துல அந்தப் பட்டப்பேரு வேணாம். கிலான் மகன் கல்மான், அவ்வளவு போதும்."

ஓட்லெய்ஃப் தாடியைச் சொறிந்தான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்மான் இருக்கானே. ஆடு திருடுன பய. சாட்சிக்காரங்க குழம்பிருவாங்களே."

"பறவைத் தீவுல என் பங்கு இருக்கு. முட்டையும் இறகும் உங்களுக்கு. சீரோட சேத்துக்கங்க."

"அட, அதுக்குன்னு இல்ல" என்றான் ஓட்லெய்ஃப். இல்லை என்று சொல்லவும் இல்லை. "சரிப்பா, எங்க வீட்டு ஆளுங்ககிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

யோஃப்ரித்திடம் தீவைப் பற்றிச் சொன்னபோது அவள், "ஒரு சொல்லு வராம இருக்க ஒரு தீவு. நல்ல வியாபாரம்" என்றாள்.

நிச்சயத்தன்று வீட்டில் கருவாடும் வெண்ணெயும், வேகவைத்த ஆட்டுத்தலையும், புளித்த மோரும் வைத்தார்கள். ஓட்லெய்ஃபின் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கல்மான் எழுந்தான். பல நாள் ஆட்டுக்கொட்டகையில் பழகியது வீண்போகவில்லை.

"கிலான் மகன் கல்மானாகிய நான், என் மகள் ஹல்பேராவை ஓட்லெய்ஃப் மகன் பெர்சிக்கு நிச்சயம் செய்கிறேன்."

தட்டையாக வந்தது. கடைசிவரை தட்டையாக, ஸ்கெக்கி பேசியது மாதிரியே. யோஃப்ரித் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள், யாரோ வேற்று ஆள் பேசுவதைக் கேட்டது போல. பெர்சி கையை நீட்டினான். கைகள் சேர்ந்தன. ஓட்லெய்ஃப் வாக்குத் தவறவில்லை, அவனுடைய ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. பல வருஷத்தில் முதல்முறையாகக் கல்மானின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

பெஞ்சின் கடைசியில் ஓட்லெய்ஃபின் அத்தை ஸ்டெய்ன்வோர் உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் வடக்கிலிருந்து குதிரையில் வந்து சேர்ந்தவள், அவளிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. அவள் முகம் கோணியது.

"கல்மானா? ஏம்ப்பா ஓட்லெய்ஃப், ஆட்டத் திருடிட்டுச் சபையில மாட்டுனானே, அவன் வீட்டுலயா பொண்ணு எடுக்குற? வேற ஊரே இல்லையா உனக்கு?"

ஓட்லெய்ஃப் கல்மானைப் பார்த்தான். கல்மான் வாயைத் திறந்தான். எதைச் சொல்லி விளக்குவது என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே ஹல்பேரா முந்திக்கொண்டாள். மோர்க்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவைத் திருடன் என்று சொன்ன கோபத்தில் கன்னம் சிவந்து நின்றாள்.

"அது வேற ஆளுங்க பாட்டி. ஆத்துக்கு அந்தப் பக்கம். எங்கப்பா அரைநாக்கு கல்மான்."

ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னாள். பின்னால் இருக்கும் மலைக்கு என்ன பெயர் என்று கேட்டால் சொல்வாளே, அப்படி. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அதுதான் பெயர். அதில் ஒரு அடி இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று வைத்தவன் கல்மான்தானே.

ஸ்டெய்ன்வோரின் முகம் மலர்ந்தது.

"ஓ, அரைநாக்கா? அத முதல்லயே சொல்றதுக்கென்ன. எங்க ஊரு வரைக்கும் தெரியுமே. ஸ்கெக்கியோட மரத்தகராறுல ஒரு அடி பிசகாம எல்லை சொன்னவர்தான? நல்ல குடும்பம்டா ஓட்லெய்ஃப்." பிறகு சாட்சிகள் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஒழுங்காச் சொல்லி வையுங்க, பின்னாடி குழப்பம் வரக்கூடாது."

சாட்சிகள் முறைப்படி எழுந்து நின்றார்கள். கிலான் மகன் அரைநாக்கு கல்மான், தன் மகள் ஹல்பேராவை ஓட்லெய்ஃப் மகன் பெர்சிக்கு நிச்சயம் செய்தான் என்று தாங்கள் கேட்டதாக, ஒருவர் பின் ஒருவராக உரக்கச் சொன்னார்கள். எல்லோரும் குடுவையைத் தூக்கினார்கள். ஓட்லெய்ஃப் கல்மானைப் பார்த்து, நான் என்ன செய்ய என்பது போலக் கையை விரித்தான். தீவைத் திருப்பித் தருவதைப் பற்றி மட்டும் அவன் பேசவே இல்லை.

ஹல்பேரா அப்பாவிடம் வந்தாள். கண்ணில் இன்னும் கோபத்தின் மிச்சம்.

"பாத்தியாப்பா, உன்னையப் போயி திருடன்னு. நல்லவேள நான் சொன்னேன்."

கல்மான் அவளைத் திட்ட ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடினான். கிடைக்கவில்லை. அவனுக்காகச் சண்டை போட்ட பிள்ளை.

"ஆமாம்மா" என்றான். "நல்லவேளை."

அது ராகத்தோடுதான் வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

விருந்து முடிந்து சம்பந்தி வீட்டாரைப் படகில் ஏற்ற வேண்டும். வெளியே பக்கவாட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. யோஃப்ரித் ஆணியிலிருந்து போர்வையை எடுத்து நீட்டினாள். கல்மான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வாசலில் நின்று மழையைப் பார்த்தான். கரை தூரம், காற்று வடக்கிலிருந்து. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனான்.

ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.